வயர்லெஸில் கேட்ட சண்டை

துறைமுகத்தில் அவளுக்கு விசில் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகத்தோடு சரி. வெளியே யாருக்கும் அது நினைவில்லை. கப்பலிலிருந்து எதுவாவது கடலில் கொட்டிவிட்டால் முதலில் கரைக்கு வந்து நிற்பது அவளுடைய மஞ்சள் வண்டிதான். இறங்கும்போதே கழுத்தில் தொங்கும் விசிலை வாயில் வைத்துவிடுவாள். வலை உலர்த்துகிறவர்கள், நண்டு பொறுக்குகிறவர்கள், காற்று வாங்க வந்தவர்கள் என்று பார்க்க மாட்டாள். எல்லோரையும் கோழி விரட்டுவது போல விரட்டுவாள்.

"பின்னாடி போ! இன்னும் பின்னாடி! காதுல என்ன, மணல் அடைச்சிருக்கா?"

அவள் வாயிலிருந்து 'தயவுசெய்து' என்று யாரும் கேட்டதில்லை. கேட்டேன் என்று எவராவது சொன்னால் அவர் வேறு யாரையோ பார்த்திருக்கிறார்.

அவள் வேதியியல் படித்தவள். துறைமுகத்து ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலையில்தான் சேர்ந்தாள். ஒரு நாள் அமிலம் ஏற்றிவந்த கப்பலிலிருந்து கரைக்கு இழுத்த குழாய் வெடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். புகை எழுந்த இடத்திலிருந்து ஓடியவர்களைவிட, என்னவென்று பார்க்கப் புகையை நோக்கி ஓடியவர்கள்தான் அதிகம். அப்படி ஓடிய இருவருக்குக் கண் போனது. அதன் பிறகு கடல் இரசாயனக் கசிவுக்கென்று துறைமுகம் ஒரு குழு அமைத்தது. ரப்பர் உடையும் முகக்கவசமும் முதுகில் காற்று சிலிண்டருமாக வெயிலில் நிற்க யாரும் முன்வரவில்லை. இவள் போய்ப் பெயர் கொடுத்தாள். ஆட்களிடம் இனிக்க இனிக்கப் பேச வேண்டாத வேலை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். நாளடைவில் குழுவின் தலைவியானாள்.

ஊருக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கு விசில் மட்டும் காரணமில்லை. ஒரு மழைக்காலத்தில் சரக்குக் கப்பல் ஒன்று அலையில் சாய்ந்து நீல நிறப் பீப்பாய்கள் நிறையக் கடலில் விழுந்தன. பீப்பாய்களில் எழுத்து அழிந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறவரை ஒரு படகும் கிளம்பக் கூடாது என்று சொல்லி மீன்பிடித் துறையை அடைக்க வைத்தாள். நல்ல மீன் ஓடிய சமயம். கடைசியில் சோதித்துப் பார்த்தால் பீப்பாய்களில் இருந்தது சோப்பு செய்கிற எண்ணெய். அன்றிலிருந்து அவள் தெருவில் நடந்தால் யாராவது ஒருவன் கை கழுவுவதுபோல நடித்துக் காட்டுவான். அவள் திரும்பிப் பார்த்துக் கேட்பாள்: "விஷமா இருந்து நீ செத்திருந்தா சந்தோஷமா இருந்திருப்பியா?" அதனாலேயே கோபம் இரட்டிப்பாகும்.

அந்தக் கோபத்துக்கெல்லாம் தலைவன் அவளுடைய சொந்தத் தம்பி.

தம்பிக்கு ஒரு விசைப்படகு. படகுக்காரர் சங்கத்துக்கும் அவன்தான் தலைவன். அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. காரணம் அப்பா கட்டிய மாடி வீடு. யாருக்கு எது என்று எழுதி வைக்காமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கணவனைப் பிரிந்து வந்த அக்கா மாடியில் குடியேறினாள். தம்பி கீழே. தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில். மோட்டார் சுவிட்ச் கீழ் வீட்டில். அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அவன் சுவிட்சை அணைப்பான். மறுநாள் அவள் மொட்டை மாடிக் கதவைப் பூட்டிவிடுவாள்; கீழ் வீட்டு ஈரத்துணியெல்லாம் வாளியிலேயே கிடந்து நாறும். வீடு முழுவதும் தனக்கே என்று ஆளுக்கொரு வழக்கு போட்டிருந்தார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் தம்பியின் மனைவி. படிக்கட்டின் பாதியில் நின்று மேலே பார்த்து, "அண்ணி, தண்ணி வேணும்னா சொல்லுங்க, அவர் வெளிய போயிருக்கார்" என்பாள். "எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்" என்று மாடியிலிருந்து பதில் வரும். கொஞ்ச நேரத்தில் மொட்டை மாடிக் கதவின் பூட்டு திறக்கும் சத்தமும் கேட்கும். இரண்டுக்கும் பொருள் அவளுக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் அந்தக் கப்பல் வந்தது.

வெளிக்கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பலின் மேல்தட்டில் அடுக்கியிருந்த கண்டெய்னர்களில் சில, ஒரு புயல் காற்றில் சரிந்து விழுந்தன. கப்பலின் உள்ளூர் ஏஜென்ட், கசங்காத வெள்ளைச் சட்டைக்காரர், துறைமுக அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து குளிர்ந்த நீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"உள்ள என்ன இருந்துச்சு?" என்று விசில் கேட்டாள்.

"வீட்டு உபயோகப் பொருள் மேடம். பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல."

"வீட்டு உபயோகம்னா? தலகாணியா?"

"அந்த மாதிரிதான்."

மறுநாள் காலையில் கரையில் ஒரு பாட்டில் ஒதுங்கியது. பளபளவென்று அலுமினிய பாட்டில். பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் கொண்டுபோகிற பாட்டிலைவிடக் கொஞ்சம் பெரியது. ஒட்டியிருந்த காகிதத்தில் பாதி கிழிந்திருந்தது. மீதியில் மண்டையோட்டுப் படமும் ஆபத்தான சரக்குகளுக்குப் போடுகிற ஓர் எண்ணும் தெரிந்தன. விசிலுக்கு அந்த எண் போதும். தானியக் கிடங்கில் வண்டு சாக வைக்கிற மாத்திரை. காய்ந்திருக்கிற வரை அது சும்மா கிடக்கும். ஈரம் பட்டால் விஷவாயுவாக மாறும். மூடிய அறைக்குள் அந்த வாயு சேர்ந்தால் வண்டு, எலி, மனிதன் என்று வேற்றுமை பார்க்காது. உள்ளே போன விஷத்துக்கு மாற்று மருந்தும் கிடையாது. அதன் வாடையோ அழுகிய மீன் வாடை. மீன்பிடித் துறையில் அந்த வாடையைக் கண்டு யார் ஓடப்போகிறார்கள்?

ஏஜென்டிடம் பாட்டிலின் படத்தைக் காட்டினாள். "இது எங்க கப்பலோடதுன்னு என்ன அத்தாட்சி? கடல்ல ஆயிரம் குப்பை மிதக்குது" என்றார் அவர். துறையை அடைக்கச் சொல்லித் துறைமுக அதிகாரியிடம் போனாள். அவருக்கும் சோப்பு எண்ணெய் ஞாபகம் இருந்தது. "கப்பல் கம்பெனி எழுத்துல பதில் தரட்டும். அதுக்குள்ள அவசரப்பட வேண்டாம்" என்றார். கதவை அவள் சாத்திய சாத்தில் சுவர்க் கடிகாரம் ஆடியது.

நேராகப் படகுக்காரர் சங்கத்துக்குப் போனாள். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் உள்ளே ஊளைச் சத்தம். அவள் யாரிடமும் கேட்காமல் மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள்.

"அலுமினிய பாட்டில் மிதந்தா தொடாதீங்க. படகுல ஏத்தாதீங்க. மூடியைத் திறக்கவே கூடாது. உள்ள இருக்கறது விஷம். ஈரம் பட்டா..."

தம்பி எழுந்து வந்து அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான். அக்காவைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினான்.

"போன தடவை சோப்பு. இந்தத் தடவை என்ன, ஷாம்பூவா? நம்ம அடுப்பு எரியக் கூடாதுன்னு சிலருக்கு வேண்டுதல் மாதிரி. நாளைக்கு எல்லாப் படகும் கிளம்பும்."

கூரை இடியும்படி கைதட்டினார்கள். யாரோ அவள் மேல் காலி டீக் கோப்பையை எறிந்தார்கள். அது தோளில் பட்டு விழுந்தது. அவள் அதை மிதித்து நசுக்கிவிட்டு வெளியே போனாள்.

படகுகள் கிளம்பின. அவளும் தன் குழுவின் படகில் போனாள். கூட வந்தவர்கள், மீசை என்று எல்லோரும் அழைக்கிற மூத்த தொழிலாளியும் ஒரு படகோட்டியும். கடலில் மிதந்த பாட்டில்களை நீளப் பிடி வைத்த வலையால் கோரி, காய்ந்த மணல் நிரப்பிய பெட்டியில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். கடந்துபோன படகுகளிலிருந்து வசைகள் வந்தன. மீசை பதிலுக்கு வாய் திறக்கப் போனால், "வேலையைப் பாரு" என்பாள்.

உச்சி வெயில் நேரம். வயர்லெஸில் ஒரு குரல் பதறியது. தம்பியின் படகு.

"ஐஸ் அறைக்குள்ள போனவன் விழுந்துட்டான். தூக்கப் போனவனும் விழுந்துட்டான். யாராவது பக்கத்துல இருக்கீங்களா?"

நடந்தது இதுதான். அவன் ஆட்கள் வலையோடு வந்த பாட்டில்களைக் கடலில் திருப்பி எறியவில்லை. பளபளப்பாக இருக்கிறதே, கரையில் யாருக்காவது கொடுக்கலாம் என்று ஐஸ் அறைக்குள் போட்டு வைத்தார்கள். ஒன்றின் மூடி நசுங்கியிருந்தது. உருகிய ஐஸ் தண்ணீர் அதற்குள் புகுந்தது. மீனுக்கு ஐஸ் போட இறங்கிய ஐஸ்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவரைத் தூக்க இறங்கிய வலைக்காரனும் மேலே வரவில்லை.

விசில் வயர்லெஸைப் பிடுங்கினாள். "யாரும் உள்ள இறங்காதே! ஐஸ் அறை மூடியெல்லாம் திற. படகைக் காத்துக்கு எதிரா திருப்பு. எல்லாரும் முன்பக்கம் போங்க. பீடி பத்த வைக்காதே. தண்ணி ஊத்தாதே. நான் வந்துட்டு இருக்கேன்."

அக்காவின் குரல் என்று தெரிந்ததும் எதிர்முனையில் தம்பி கத்தினான்.

"என் ஆளுங்க ரெண்டு பேர் உள்ள கிடக்கறாங்க. நீ வர்ற வரைக்கும் வேடிக்கை பார்க்கவா? ஊதறதை உன் கரையில போய் ஊது. நான் இறங்கறேன்."

"இறங்காதேடா. மூச்சை அடக்கிட்டுப் போனாலும் வர முடியாது."

"நீ யாருடி எனக்குச் சொல்றதுக்கு?"

கெஞ்சினால் அவன் கேட்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மரத்தில் ஏறாதே என்றால் ஏறுவான். அவளுடைய படகு எவ்வளவு விரட்டினாலும் அவன் இருக்கிற இடத்துக்கு உடனே போய்விட முடியாது. மீசை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடித் திறந்து, பொத்தானை அழுத்தினாள்.

"சரிடா, இறங்கு. தாராளமா இறங்கு. நீ செத்தா கீழ் வீடும் எனக்குத்தான். இன்னைக்கே உன் சாமானையெல்லாம் தெருவுல தூக்கிப் போடறேன். அந்த மோட்டார் சுவிட்சையும் மேல கொண்டுபோய் வெச்சுக்கறேன். இறங்குடா, என்ன யோசனை?"

அந்த அலைவரிசையில் இருந்த எல்லாப் படகுகளும் அதைக் கேட்டன.

"உனக்கு அந்த வீட்டோட ஒரு செங்கல்லைக் கூட விட மாட்டேன்டி!" என்று தம்பி அலறினான்.

"அப்ப உயிரோட இருந்து தடு பார்ப்போம்!"

அவள் போய்ச் சேர்ந்தபோது படகு காற்றுக்கு எதிராக நின்றிருந்தது. ஐஸ் அறை மூடிகள் எல்லாம் திறந்திருந்தன. ஆட்கள் முன்பக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி அறை வாசலிலிருந்து நாலடி தள்ளிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். அக்காவை அவன் பார்த்த பார்வையில் பற்றிக்கொள்ளத் தீப்பெட்டி தேவையில்லை.

அவள் கவசம் மாட்டி, சிலிண்டர் குழாயைச் சரிபார்த்து, இடுப்பில் கயிறு கட்டி இறங்கினாள். வாயுமானி விடாமல் கத்தியது. உள்ளே ஐஸ் தண்ணீரில் இருவரும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தார்கள். மேலே கிடந்த வலைக்காரனை முதலில் கட்டி அனுப்பினாள். பிறகு ஐஸ்காரரை. மேலே இருந்து தம்பியும் மீசையும் இழுத்தார்கள். வலைக்காரன் வாந்தி எடுத்தான், மூச்சு இருந்தது. ஐஸ்காரருக்கு இல்லை. குழுவின் படகில் கிடத்தி, கரை வரும்வரை மீசை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தார். பயனில்லை.

கரையில் ஊரே கூடியிருந்தது. ஐஸ்காரரின் மனைவி கைநிறைய மணலை அள்ளி விசிலின் முகத்தில் எறிந்தாள்.

"கூடப் பிறந்தவனையே சாகச் சொன்னவ நீ! என் புருஷனை எப்படிக் காப்பாத்தியிருப்பே?"

விசில் மணலைத் துடைக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "அந்தப் படகுக்கிட்ட யாரும் போகாதீங்க. உள்ள இன்னும் பாட்டில் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அவள் வண்டியின் கண்ணாடியை உடைத்தார்கள். துறைமுகக் காவலர்கள் நடுவில் புகுந்து அவளை ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. தம்பியின் படகுக்கு முத்திரை வைத்தார்கள்.

வீட்டில் தம்பியின் மனைவியும் படிக்கட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரே ஒரு தடவை பாதிப் படியில் நின்று கேட்டாள்.

"நிஜமாவே அப்படி நினைச்சீங்களா அண்ணி?"

"நீ என்ன நினைக்கிறே?"

"எனக்குத் தெரியல. அவர் சாப்பிடறதே இல்ல."

"பசிச்சா சாப்பிடுவான்" என்று சொல்லி விசில் கதவைச் சாத்தினாள். அதன் பிறகு வெகுநேரம் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவள் அப்படி நின்றது யாருக்கும் தெரியாது. அழுதாளா என்றும் தெரியாது.

விசாரணை துறைமுகத்தின் பழைய கூட்ட அறையில் நடந்தது. மின்விசிறிகள் சத்தமாக ஓடும் அறை. கப்பல் கம்பெனியின் வக்கீலுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஆபத்தான சரக்கு என்பதைக் கசிவுக் குழுவுக்குச் சொல்லிவிட்டோம், குழுதான் மீனவர்களை எச்சரிக்கவில்லை என்று வாதாடினார். சங்கத்து ஆட்களும் அதற்குத் தலையாட்டினார்கள். பாட்டிலைத் தொடாதே என்று சொன்ன பிறகும் எடுத்தோம் என்று ஒப்புக்கொள்வதைவிட, யாரும் சொல்லவே இல்லை என்பது சுலபம். ஏஜென்ட் அதே வெள்ளைச் சட்டையில் வந்து, "மேடம்கிட்ட எல்லாம் விளக்கமா சொன்னேன்" என்றார். "தலகாணின்னு சொன்னே!" என்று விசில் எழுந்து கத்தினாள். அதிகாரி அவளை உட்காரச் சொன்னார்.

வக்கீல் வயர்லெஸ் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். 'சரிடா, இறங்கு. தாராளமா இறங்கு.' அறை முழுக்க முணுமுணுப்பு. பின்வரிசையில் ஐஸ்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். "பொறுப்பான அதிகாரி பேசுற பேச்சா இது?" என்று வக்கீல் கேட்டார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த வார்த்தைக்கு விளக்கம் சொல்வது விசிலுக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்கள்.

"உங்களுக்கு யாராவது எச்சரிக்கை செய்தார்களா?" என்று வக்கீல் கேட்டார்.

தம்பி சங்கத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான்.

"செஞ்சா."

"யார்?"

"இவதான். எங்க சங்கத்துக்கே வந்து சொன்னா. பாட்டிலைத் தொடாதேன்னா. மைக்கைப் பிடுங்கினது நான்."

சங்கத்து ஆட்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். வக்கீல் வேகமாக அடுத்த கேள்விக்குத் தாவினார். "உங்களைச் சாகச் சொன்னவருக்காக ஏன் பேசுகிறீர்கள்?"

"இவளுக்காக யார் பேசினா? எனக்கு இவளைக் கண்டாலே ஆகாது. அன்னைக்கு நான் இறங்கத்தான் போனேன். கயித்தைக் கட்டி ஒரு காலை உள்ள வெச்சுட்டேன். வேண்டாம்னு சொல்லியிருந்தா, அழுதிருந்தா, இறங்கியிருப்பேன். இவ வீட்டைப் பத்திப் பேசினா பாருங்க... எனக்கு வந்த ஆத்திரத்துல காலை வெளிய எடுத்தேன். அது எனக்குத் தெரியும், இவளுக்கும் தெரியும். அதை டேப்புல போட்டா உங்களுக்குப் புரியாது."

ஐஸ்காரரின் மனைவி எழுந்து வெளியே போனாள்.

வெளியே நடைபாதையில் அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். விசில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஒண்ணும் சொல்லாதே" என்றான் அவன். "நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். வழக்கு வழக்குதான்."

"நான் வாபஸ் வாங்கறேன்னு சொன்னேனா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

கப்பலைப் பிடித்து வைத்தார்கள். ஏஜென்டின் உரிமம் போயிற்று. சங்கம் தம்பியைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியது. அவனோடு கடலுக்குப் போக ஆள் கிடைப்பதே கஷ்டமாயிற்று. வலைக்காரன் பிழைத்தான், ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஐஸ்காரரின் மனைவி விசிலை மன்னிக்கவில்லை. தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அந்த ஒரு கோபத்துக்கு மட்டும் விசில் பதில் பேசியதே இல்லை.

பாட்டில்கள் அந்தப் பருவம் முழுக்க ஒதுங்கிக்கொண்டே இருந்தன. படகுக்காரர்கள் யாரும் தேடுவதற்கு உதவவில்லை. கண்ணில் பட்டால் விலகிப் போனார்கள், அவ்வளவுதான். அதுவே பெரிது என்று மீசை சொன்னார்.

தம்பியின் படகுக்கு முத்திரை நீங்கிய பிறகு ஒரு காலையில், விசிலின் படகு தெற்கே தேடிக்கொண்டிருந்தபோது, வயர்லெஸ் கரகரத்தது.

"பாறைக்கு வடக்கே மூணு மிதக்குது. வந்து எடுத்துட்டுப் போ."

மீசை கடலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

"கிட்டப் போகாதே" என்றாள்.

"தெரியும். தள்ளித்தான் நிக்கறேன். சீக்கிரம் வா, எனக்கு வேற வேலை இல்லையா?"

அவள் போகும்வரை அவனுடைய படகு அங்கேயே காற்றுப் பக்கமாக நின்றது. மூன்று பாட்டில்களையும் அவள் கோரி எடுத்து மணல் பெட்டியில் வைத்து மூடினாள். நிமிர்ந்து பார்த்தபோது அவன் படகு கிளம்பிப் பாதித் தூரம் போய்விட்டிருந்தது.